பழைய புல்டோசரின் ஸ்டியரிங் கிளச்சும் சங்கிலியும்: சாட்டி மணலில் ஒரு தொழிற்பாடம்



நம்ம தோட்டங்களில் புல்டோசரைத் தெரியாத ஆள் கிடையாது. பாதை வெட்ட வரும், புதுக்கன்று நட மலையைத் தட்டி விட வரும், மண் சரிந்தால் ஒதுக்க வரும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகப் பாதைகள் அடைபட்டபோதும், மண் தள்ளும் இயந்திரம் எப்போது வரும் என்றுதான் எல்லாரும் பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் இயந்திரம் பழுதாகி நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இயந்திரங்களில் ஹெல்பராகப் போகும் நம்ம பிள்ளைகள் நிறையப் பேர். பல வருஷம் வேலை செய்தும் கிறீஸ் அடிக்கிறவராகவே இருந்துவிடுகிறார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளமும் மரியாதையும் கூடுகிறது. ஆகவே இந்த இதழில் பழைய டோசரில் அடிக்கடி பழுதாகும் இரண்டு பகுதிகளை, அதாவது ஸ்டியரிங் கிளச்சையும் சங்கிலியையும் பற்றிப் படிப்போம்.

பாடத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொள்வது யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் சாட்டி என்ற இடம். யாழ்ப்பாண நகரில் இருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் வேலணைத் தீவு. அங்கேதான் சாட்டிக் கடற்கரை, சிந்தாத்திரை மாதா கோவில், நல்ல குடிநீர்க் கிணறுகள் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் பாதைக்கு மண் நிரவவும் குளத்து வண்டலை ஒதுக்கவும் ஓடிய ஒரு பழைய டோசரில் நம்ம மலையகத்துத் தம்பி ஒருவர் ஹெல்பராக இருந்தார். லீவில் வந்தபோது அவர் சொன்ன விஷயங்கள் நமக்கும் பயன்படும். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நம்ம குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின அல்லவா? அந்த உறவு வழியாகத்தான் இந்தத் தம்பியும் வடக்குக்கு வேலைக்குப் போனார்.

மலைத்தோட்டத்துக்குக் கடற்கரைப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். இயந்திரம் ஒன்றுதான். ஆனால் அது ஓடும் இடம்தான் எது முதலில் தேயும், எது முதலில் ஆபத்தாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. மணலில் சங்கிலி சீக்கிரம் சாகும். சரிவில் கிளச் சரியில்லை என்றால் மனுஷன் சாவான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. சங்கிலி ஏன் வந்தது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டொக்டன் என்று ஒரு ஊர். அதைச் சுற்றி ஆற்றுக் கழிமுகத்தின் மெதுமெதுப்பான மண். நீராவி டிராக்டரின் பெரிய இரும்புச் சக்கரங்கள் அதில் புதைந்து போகும். பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பலகைகள் பூட்டிய சங்கிலியை மாட்டி 1904 நவம்பரில் ஓட்டிப் பார்த்தார். பாரம் ஒரே இடத்தில் அமுங்காமல் நீளத்துக்குப் பரவியதால் இயந்திரம் புதையவில்லை. 1925 இல் ஹோல்ட் கம்பனியும் பெஸ்ட் கம்பனியும் ஒன்றாகிக் கேட்டர்பில்லர் கம்பனி உண்டானது.

நம் நாட்டில் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி பெரிய மண் வெட்டும் இயந்திரங்களைக் கொண்டுவந்து இங்கினியாகலை அணையைக் கட்டியது. அதற்குப் பிறகு காடு வெட்டுதல், குளம் கட்டுதல், பாதை போடுதல் எல்லாவற்றுக்கும் டோசர் என்று ஆகிவிட்டது. பழைய இயந்திரங்கள் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டு இருக்கின்றன.

2. பலம் எந்த வழியாகப் போகிறது?

டோசருக்குக் காரில் இருப்பது போல் திருப்பும் வளையம் கிடையாது. இரண்டு லீவர், இரண்டு பிரேக் மிதி. பழைய மாதிரிகளில் எஞ்சினின் பலம் போகும் வழி இது:

எஞ்சின், பெரிய கிளச், கியர் பெட்டி, பின்பக்கத்துக் கூம்புப் பல்சக்கரம். இதுவரை ஒரே பாதை. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை பிரிகிற மாதிரி இடமும் வலமுமாகப் பிரிகிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரு ஸ்டியரிங் கிளச், அதற்கு அப்பால் கடைசிப் பல்சக்கரப் பெட்டி, அதற்கு அப்பால் ஸ்புரொக்கெட் என்னும் பெரிய பல்சக்கரம். அதுதான் சங்கிலியை இழுக்கிறது.

ஸ்டியரிங் கிளச்சை ஒரு ரொட்டி அடுக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு உருக்கு, அடுத்தது லைனிங் ஒட்டிய தட்டு, மறுபடி உருக்கு, மறுபடி லைனிங். ஒரு வகைத் தட்டுகள் உள் டிரம்மோடும் மற்ற வகைத் தட்டுகள் வெளி டிரம்மோடும் பல்லுப் பிடித்து நிற்கும். பலமான ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை அமுக்கிப் பிடித்திருப்பதால் எல்லாம் ஒன்றாகச் சுழலும். லீவரை இழுத்தால் ஸ்பிரிங்கின் அமுக்கம் விலகும், தட்டுகள் தளரும், அந்தப் பக்கத்துக்குப் பலம் போகாது. வெளி டிரம்மைச் சுற்றி இருக்கிற பட்டைதான் பிரேக்.

இடது லீவரை இழுத்தால் இடப்பக்கம் பலம் இழக்கும், வலப்பக்கம் தள்ளும், இயந்திரம் இடப்பக்கம் மெதுவாகத் திரும்பும். இன்னும் சுருக்காகத் திரும்ப வேண்டுமானால் லீவரை இழுத்த பிறகு அதே பக்கத்துப் பிரேக்கையும் மிதிக்க வேண்டும். லீவரை இழுக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்தால் கிளச்சும் பிரேக்கும் ஒன்றை ஒன்று தின்னும்.

3. இறக்கத்தில் திருப்பம் தலைகீழாகும்!

இது பாடத்தின் மிக முக்கியமான இடம். மலைத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இரண்டு தரம் வாசியுங்கள்.

சமதரையில் எஞ்சின் இயந்திரத்தைத் தள்ளுகிறது. செங்குத்தான இறக்கத்தில் நிலைமை வேறு. அங்கே இயந்திரத்தின் பாரமே அதைக் கீழே தள்ளுகிறது. எஞ்சின் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த நேரத்தில் இடது லீவரை மட்டும் இழுத்தால் இடப்பக்கச் சங்கிலிக்கு இருந்த பிடி விட்டுப்போகும். அது வேகமாக ஓடும். வலப்பக்கத்தை எஞ்சின் இன்னும் பிடித்துக்கொண்டு இருக்கும். ஆகவே இயந்திரம் இடப்பக்கம் திரும்பாது, வலப்பக்கம் திரும்பும்! இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம் என்று வைத்துக்கொண்டால் கதை என்ன ஆகும்?

எனவே இறக்கத்தில் இடப்பக்கம் மெதுவாகத் திரும்ப வேண்டும் என்றால் எதிர்ப்பக்கத்து லீவரைக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அல்லது இடது லீவரை இழுக்கும்போதே இடது பிரேக்கையும் உறுதியாக மிதிக்க வேண்டும். பெரிய கிளச்சை விட்டுவிட்டோ கியரை நியூட்ரலில் போட்டோ இறக்கத்தில் இறங்கவே கூடாது.

சமதரையான சாட்டியில் கிளச் வழுக்கினால் வேலைதான் தாமதமாகும். நம்ம மலையில் அதே பழுதோடு இறக்கத்தில் இறங்கினால் எஞ்சினின் பிடியும் போய்விடும். ஸ்டியரிங் கிளச்சிலோ பிரேக்கிலோ சந்தேகம் இருந்தால் அந்த இயந்திரத்தைச் சரிவில் ஏற்ற வேண்டாம். துரை சொன்னாலும், கொந்தராத்துக்காரர் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

4. கிளச்சின் நோயைக் கண்டுபிடித்தல்

மூன்று நோய்கள் உண்டு.

முதலாவது, வழுக்குதல். பாரம் தள்ளும்போது எஞ்சின் சத்தம் குறையாமல் ஓடும், ஆனால் ஒரு பக்கச் சங்கிலி நின்று போகும். நேராக ஓட்டும்போது இயந்திரம் அந்தப் பக்கமே சாய்ந்து போகும். லைனிங் கருகிய வாசம் வரும்.

இரண்டாவது, விடாமை. லீவரை முழுக்க இழுத்தும் இயந்திரம் நேராகவே போகும். துருப்பிடித்துத் தட்டுகள் ஒட்டியிருக்கலாம், அல்லது லீவரின் இணைப்புகள் தளர்ந்திருக்கலாம்.

மூன்றாவது, அரைகுறைப் பிடி. திரும்பும்போது துள்ளித் துள்ளித் திரும்பும். டிரம்மின் பல்லுகளில் பள்ளம் விழுந்து தட்டுகள் அங்கே சிக்கிக்கொள்வதும், தட்டு வளைந்திருப்பதும் காரணமாகலாம்.

கழற்றுவதற்கு முன்பு பார்க்க வேண்டியவை: லீவரின் மேல் நுனியைக் கையால் மெதுவாக இழுத்து, பாரம் படாமல் எவ்வளவு தூரம் சும்மா வருகிறது என்று அளவுகோலால் அளக்கவும். இதற்கு விளையாட்டு இடைவெளி என்று பெயர். லைனிங் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். இடைவெளியே இல்லை என்றால் லீவர் ஓய்வாக இருக்கும்போதும் கிளச் கொஞ்சம் இழுபட்டே இருக்கும், அதனால்தான் வழுக்கும். கைநூலில் உள்ள அளவுக்கு இணைப்புக் கம்பியைச் சரிசெய்தால் பல நேரங்களில் நோய் தீர்ந்துவிடும்.

அடுத்தது பிரேக். ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் கிளச்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். பிரேக் பட்டை இறுகி உராய்ந்தாலும், அந்தப் பக்கத்துச் சங்கிலி அதிகம் இறுகி இருந்தாலும் இதே குணம்தான் காட்டும். கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தியபின் இரண்டு பக்கத்துப் பெட்டியிலும் எது அதிகம் சூடு என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

5. சாட்டியில் ஒட்டிக்கொண்ட கிளச்

தம்பி வேலை செய்த டோசரை மாரி காலம் முழுக்கக் கடற்கரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். உப்புக் காற்றும் மழை ஈரமும் சேர்ந்து உள்ளே போயின. அந்த மாதிரியில் கிளச் எண்ணெயில் முழுகி இருப்பது அல்ல, காய்ந்த கிளச். தை மாதம் ஸ்டார்ட் பண்ணி வலது லீவரை இழுத்தால் இயந்திரம் திரும்பவே இல்லை. தம்பி பின்பக்கத்து மூடியைக் கழற்றச் சாவியோடு போனார். அந்த ஊரின் வயதான மெக்கானிக் தடுத்தார்.

"பொறும் தம்பி. ஏன் கழட்டப் போறீர்?"

"கிளச் போயிருச்சுங்க ஐயா. தட்டு மாத்தணும்."

"ஆர் சொன்னது? நிப்பாட்டேக்கை கிளச் வேலை செய்ததோ இல்லையோ?"

"செஞ்சிச்சுங்க."

"அப்ப சும்மா நிண்டு எப்பிடித் தேயும்? கறள்தான் பிடிச்சிருக்கு. முதல் கழுவிப் பாப்பம். பிறகு கழட்டலாம்."

தேய்வு ஓட்டத்தில் வரும், துரு ஓய்வில் வரும். இந்த ஒரு கேள்வியால் பல நாள் வேலை மிச்சமானது. வடக்கு மெக்கானிக்குகளுக்கு இந்தப் புத்தி சும்மா வந்ததல்ல. 1990 க்குப் பிறகு யுத்தத்தால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் யாழ்ப்பாணத்துக்குச் சரியாகப் போகாத வருஷங்களில், பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அவர்கள். ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது, 2009 இல் யுத்தம் முடிந்த பிறகே நிலையாகத் திறந்தது. புதுச் சாமான் கிடைக்காத ஊரில் கழற்றி எறிய முடியாது. யோசித்துத்தான் கை வைக்க முடியும்.

காய்ந்த கிளச்சைக் கழுவும் முறை இதுதான். (எண்ணெயில் ஓடும் கிளச்சுக்கு இது பொருந்தாது. கைநூலைப் பார்த்து எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளவும்.)

அ. இயந்திரம் சமதரையில் இருக்க வேண்டும். கத்தியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, கிளச் அறையின் அடியில் உள்ள வடிகால் மூடியைக் கழற்றவும். எண்ணெய் வடிந்தால் உள் சீல் ஒழுகுகிறது என்று அர்த்தம். எவ்வளவு வருகிறது என்று குறித்து வைக்கவும்.

ஆ. மூடியைப் பூட்டிவிட்டு, கைநூல் சொல்லும் அளவு மண்ணெண்ணெய் ஊற்றவும். பெட்ரோல் கூடவே கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. தீயணைக்கும் கருவியோ காய்ந்த மணல் வாளியோ பக்கத்தில் இருக்கட்டும்.

இ. கத்தியைத் தூக்கிக்கொண்டு, லீவர்களை இழுக்காமல், சிறிய கியரில் சில நிமிஷம் நேராக முன்னும் பின்னும் ஓட்டவும். உடனே நிறுத்தி அழுக்கு மண்ணெண்ணெயை வடிக்கவும்.

ஈ. மறுபடி புதிதாக ஊற்றி, கத்தியை இறக்கி, பிரேக்கைப் பூட்டி, இரண்டு லீவர்களையும் இழுத்த நிலையில் வைத்து எஞ்சினை மெதுவாகக் கியரில் ஓட விடவும். தட்டுகளுக்கு இடையில் மண்ணெண்ணெய் போய் அழுக்கையும் துருவையும் கழுவும். பிறகு முழுக்க வடிக்கவும். ஒட்டியிருக்கும் கிளச் இந்த வேளையில் திடீரென்று இழுக்கலாம். அதனால் இயந்திரத்தின் முன்னும் பின்னும் ஒரு ஆளும் நிற்கக் கூடாது.

உ. காயும்வரை பாரமான வேலை கொடுக்க வேண்டாம். பிரேக் பட்டையும் அதே அறையில்தான் இருக்கிறது. அதுவும் நனைந்திருக்கும், காயும்வரை பிடிக்காது. ஆகவே கழுவிய அன்றைக்குச் சரிவுப் பக்கமே போகக் கூடாது.

சாட்டி டோசருக்கு இரண்டு தரம் கழுவ வேண்டி வந்தது. பிறகு சமதரையில் வலது லீவரை இழுத்து, வலது பிரேக்கை மிதித்து, சிறிய கியரில் மெதுவாக அசைக்க, ஒட்டியிருந்த தட்டுகள் விட்டன.

6. கழற்றத்தான் வேண்டும் என்றால்

இடைவெளி சரிசெய்தும் கழுவியும் வழுக்கினால் லைனிங் முடிந்துவிட்டது. இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரோடுதான் செய்ய வேண்டும்.

பற்றரி வயரைக் கழற்றி, சங்கிலிக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துத் தொடங்கவும். மாதிரியைப் பொறுத்து ஆசனம், டீசல் தாங்கி, மேல் மூடி, பிரேக் பட்டை என்று வரிசையாகக் கழற்ற வேண்டி வரும். கழற்றும் ஒவ்வொரு சாமானுக்கும் அடையாளம் போட்டு, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் வைக்கவும். கிளச் பாரமானது. கைத்தாங்கலாகத் தூக்காமல் செயின் புளொக் போட்டுத் தூக்கவும். தட்டு அடுக்கைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகள் அமுங்கிய நிலையில் இருக்கின்றன. அவற்றை அமுக்கிப் பிடிக்கும் கருவி போட்டு, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கத்தை முழுக்கக் கழற்றினால் பாய்ந்து முகத்தில் அடிக்கும்.

பார்க்க வேண்டியவை ஐந்து: லைனிங்கின் தடிப்பு, உருக்குத் தட்டு வளைந்திருக்கிறதா (கண்ணாடி போன்ற மட்டமான பலகையில் வைத்தால் தெரியும்), ஸ்பிரிங்குகளின் நீளம் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா, டிரம் பல்லில் பள்ளம் உண்டா, விடுவிக்கும் பெயரிங் சத்தமில்லாமல் சுழல்கிறதா. எண்ணெய் ஒழுகிய சீலை மாற்றாமல் புதுத் தட்டுப் போடுவது ஓட்டைக் கூரையின் கீழ் புதுப்பாய் விரிப்பது போலத்தான். கொஞ்ச நாளில் அதுவும் நனைந்துவிடும்.

தூசி பற்றிக் கவனம்! பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போனால் பல வருஷம் கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம். காற்றடித்து ஊதக் கூடாது, காய்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்தவும். தகுந்த மூச்சுக் கவசம் போட்டுக்கொள்ளவும். வேலை உடுப்பை லயத்துக்குக் கொண்டுவந்து பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்து அலச வேண்டாம்.

7. சங்கிலியை அளந்து பார்த்தல்

சங்கிலியில் லிங்க், லிங்குகளைக் கோர்க்கும் பின், பின்னைச் சுற்றிய புஷ், தரையில் படும் ஷூத் தகடு ஆகியவை உண்டு. சங்கிலி பின்பக்க ஸ்புரொக்கெட்டையும் முன்பக்க ஐட்லர் சக்கரத்தையும் சுற்றி ஓடும். கீழ் ரோலர்கள் பாரத்தைத் தாங்கும், மேல் ரோலர் சங்கிலியைத் தொங்காமல் தாங்கும்.

சாட்டியின் மணல் மிக நுண்மையானது. ஈரத்தோடு அது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் புகுந்தால் கவ்வாத்துக் கத்தி தீட்டும் சாணைக்கல் போல இரும்பைத் தேய்க்கும். தேய்ந்த ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் நீளும். எல்லாம் சேர்ந்து சங்கிலியே நீண்டு தொங்கும்.

தொய்வை அளக்கும் விதம்: இயந்திரத்தைச் சில அடி முன்னால் ஓட்டி, பிரேக் பிடிக்காமல் தானாக நிற்க விடவும். மேல் ரோலருக்கும் ஐட்லருக்கும் மேலே நேரான கம்பி ஒன்றைச் சங்கிலியின் மேல் வைக்கவும். கம்பிக்கும் சங்கிலிக்கும் இடையில் ஆகக் கூடிய இடைவெளி எவ்வளவு? நடுத்தர இயந்திரங்களில் பொதுவாக 20 முதல் 40 மில்லிமீற்றருக்குள் கைநூல் ஒரு அளவு சொல்லும். அதைவிடக் கூடினால் தொய்வு, குறைந்தால் இறுக்கம்.

தொங்கினால்தான் கெடுதல் என்று நினைத்து நிறையப் பேர் அளவுக்கு மேல் இறுக்கி விடுகிறார்கள். இறுகிய சங்கிலி பின், புஷ், ஸ்புரொக்கெட் எல்லாவற்றையும் வேகமாகத் தேய்க்கும், டீசலையும் குடிக்கும். நம்ம மலையில் இன்னொரு விஷயம் உண்டு. களிமண் ஸ்புரொக்கெட் பல்லுகளுக்கு இடையில் நிரம்பினால் சங்கிலி தானாகவே இறுகும். ஆகவே மழைக்காலத்தில் மண் ஒட்டிய நிலையிலேயே அளந்து சரிசெய்ய வேண்டும்.

நீட்சியை அளக்கும் விதம்: சங்கிலியை இழுபட வைத்து, ஒரு பின்னில் தொடங்கி ஐந்தாவது பின் வரை அளக்கவும். அது நான்கு இணைப்பு. புதிதில் ஒரு இணைப்பு 203 மில்லிமீற்றர் உள்ள சங்கிலியில் நான்கு இணைப்பு 812 வரும். இப்போது 824 வந்தால் ஒரு இணைப்புக்கு 3 மில்லிமீற்றர் நீண்டிருக்கிறது. இதைக் கைநூலின் எல்லையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். மாதம் ஒரு தரம் அளந்து கொப்பியில் எழுதி வைத்தால் எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரியும்.

புஷ் ஒரு பக்கம்தான் தேயும். எல்லை தாண்டுவதற்கு முன்பு கவனித்தால், பெரிய அழுத்த இயந்திரம் உள்ள கராஜில் பின்னையும் புஷ்ஷையும் வெளியே தள்ளி, அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு இன்னொரு காலம் ஓட்டலாம். கவனிக்காமல் விட்டால் புஷ் ஓட்டையாகி வெடிக்கும், அப்புறம் திருப்ப ஒன்றும் இருக்காது. ஸ்புரொக்கெட் பல்லு கொக்கி போல் கூர்மையாகிவிட்டதா என்றும் பார்க்கவும். கூர்ப் பல்லில் புதுச் சங்கிலி போட்டால் காசு வீண்.

ஓட்டுகிறவர் கையிலும் இருக்கிறது: தேவையில்லாமல் வேகமாகப் பின்னுக்கு ஓட்டினால் புஷ் அதிகம் தேயும். எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் ஒரு பக்கம் முன்னதாகத் தேயும். சாய்வான நிலத்தில் குறுக்கே நெடுநேரம் ஓட்டினால் ரோலர் விளிம்பும் லிங்க் பக்கமும் தேயும். சாட்டியில் கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரால் கழுவுவார்கள். மலையில் பின்னேரம் வேலை முடிந்ததும் சேற்றைச் சுரண்டிவிட்டு, பலகை மேல் ஏற்றி நிறுத்த வேண்டும்.

8. உயிரைக் காக்கும் இரண்டு எச்சரிக்கைகள்

கிறீஸ் வால்வு: பல இயந்திரங்களில் கிறீஸ் கன்னால் அடித்துச் சங்கிலியை இறுக்குவார்கள். இன்னும் பழையதில் திருகு இருக்கும். கிறீஸ் வகையில் உள்ளே பயங்கரமான அழுத்தம் இருக்கிறது. தளர்த்தும்போது வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. முகத்தையோ கையையோ நேரே வைக்கவும் கூடாது. பீறிடும் கிறீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சின்னப் புள்ளிதானே என்று மருந்தெண்ணெய் தடவிக்கொண்டு படுக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கிறீஸ் உள்ளே அடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலை, கையை எடுக்க வேண்டி வரலாம்.

பெரிய ஸ்பிரிங்: ஐட்லருக்குப் பின்னால் அதிர்ச்சி தாங்கும் பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. பல டன் பலத்தோடு அமுங்கி இருப்பது அது. அதற்கென்று செய்த அழுத்தக் கருவி இல்லாமல் எந்தக் காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. வெட்டவோ வெல்டிங் சூடு காட்டவோ கூடாது.

சங்கிலியைக் கழற்றும்போதும் இதே கவனம் வேண்டும். நடுத்தர இயந்திரத்தில் ஒரு பக்கச் சங்கிலியே ஒரு டன் அளவு வரும். முதலில் தளர்த்தி, அடையாளமுள்ள முதன்மைப் பின்னை ஐட்லர் பக்கம் கொண்டுவந்து, சங்கிலியின் அடியில் கட்டை கொடுத்து, அதன் பிறகே பின்னை வெளியே அடிக்க வேண்டும். விழும் பக்கத்தில் கால் இருக்கக் கூடாது. இரும்பில் இரும்பு அடிக்கும்போது சில்லு பறக்கும், கண்ணாடி போடவும். பிள்ளை மடுவத்துக்கும் லயத்துக்கும் பக்கத்தில் இந்த வேலையை வைக்க வேண்டாம்.

9. கழிவு எண்ணெய் எங்கே போகிறது?

தீவகத்தில் சுண்ணாம்புக் கல்லின் மேல் கொஞ்ச மண்தான். மழைநீர் கீழே இறங்கி, கடல்நீரின் மேல் மிதக்கிற மெல்லிய நன்னீராக நிற்கும். சாட்டிக் கிணறுகளின் தண்ணீரும் அப்படித்தான். மேலே ஊற்றிய எண்ணெய் நேரே கிணற்றுக்குப் போகும். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015 இல் பெரிதாகி நீதிமன்றம் வரை போனது. அதனால் சாட்டியில் தம்பி வடித்த மண்ணெண்ணெயை ஒரு சொட்டு விடாமல் பீப்பாவில் பிடிக்க வைத்தாராம் அந்த மெக்கானிக்.

நமக்கும் இது பொருந்தும். மேல்மலையில் ஊற்றிய எண்ணெய் கீழ் லயத்துப் பீலியில் வரும். குடிப்பது நம்ம பிள்ளைகள். தட்டு வைத்துப் பிடித்து, பீப்பாவில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்கிறவர்களிடம் கொடுக்கவும்.

10. இதைத் தொழிலாக்குவது எப்படி?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கையெல்லாம் எண்ணெயோடு வருகிறான் என்று குறைவாக நினைக்க வேண்டாம். கனரக இயந்திரம் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு நாட்டிலும் வேலை உண்டு, வெளிநாட்டிலும் உண்டு. ஆனால் கையில் சான்றிதழ் வேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபை, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை ஆகியவற்றின் அலுவலகங்களில் விசாரித்துப் பாருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் உண்டு. ஏற்கெனவே வேலை செய்து பழகியவர்களுக்கு, வகுப்பில் உட்காராமலே அவர்களின் திறமையைப் பரீட்சித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் இருக்கிறது. பத்து வருஷம் ஹெல்பராக இருந்த அண்ணன்மார் இதை விசாரிக்காமல் விடக் கூடாது.

ஞாபகத்தில் வைக்க வேண்டியவை

* முதலில் பார், பிறகு அள, பிறகு சரிசெய், கடைசியில்தான் கழற்று.
* லீவரின் விளையாட்டு இடைவெளி குறைந்தால் கிளச் வழுக்கப் போகிறது.
* ஓய்வில் இருந்து எழும்பிய இயந்திரத்தில் தேய்வைத் தேடாமல் துருவைத் தேடு.
* இறக்கத்தில் லீவர் தலைகீழாக வேலை செய்யும்.
* கிறீஸ் வால்வுக்கு நேரே முகம் வைக்காதே. பெரிய ஸ்பிரிங்கில் கை வைக்காதே.

பயிற்சிக் கேள்விகள்

1. இயந்திரம் நேராகப் போகாமல் இடப்பக்கம் சாய்கிறது. கிளச்சைத் தவிர வேறு இரண்டு காரணங்கள் எவை?
2. ஒரு இணைப்பு 203 மில்லிமீற்றர் உள்ள சங்கிலியில் நான்கு இணைப்பு இப்போது 820 மில்லிமீற்றர் இருக்கிறது. ஒரு இணைப்பு எவ்வளவு நீண்டிருக்கிறது?
3. கிளச்சைக் கழுவிய அன்று டோசரைச் சரிவில் ஓட்டக் கூடாது. ஏன்?

விடைகளை இந்தப் பாடத்திலேயே கண்டுபிடிக்கலாம். எழுதிக்கொண்டு வரும் தம்பி தங்கச்சிமாருடன் உட்கார்ந்து பேச நலன்புரி அலுவலகத்தின் கதவு திறந்திருக்கும்.